உடற்பருமன்: மாற வேண்டியது பிள்ளை மட்டுமா?



நான்காம் ஆண்டு தொடங்கி நம் மாணவர்கள் ஆண்டுக்கு இருமுறை செகாக் உடற்தகுதிச் சோதனைக்கு நிற்கின்றனர். உயரமும் எடையும் பதியப்பட்டு, உடல் நிறைக் குறியீட்டெண் கணக்கிடப்படுகிறது. எண் கூடியிருந்தால், "சாப்பாட்டைக் குறை" என்னும் அறிவுரை பிள்ளைக்குக் கிடைக்கிறது. பெரும்பாலும் அத்தோடு சரி.

2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் 5 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 29.8 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். லூபோக் சீனாவும் இதற்கு விலக்கன்று. பால்மரம் வெட்டி நாளெல்லாம் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வந்து, மாலையில் கைப்பேசியோடு அமர்கின்றனர்.

பத்து வயதுப் பிள்ளை அடுப்பை மூட்டுவதில்லை. மளிகைப் பட்டியல் எழுதுவதுமில்லை. பிறகு அதனிடம் மட்டும் மாற்றத்தைக் கேட்பது எவ்வகையில் நியாயம்?

அமெரிக்க உளவியலாளர் லியோனார்டு எப்ஸ்டைன் பெற்றோரையும் பிள்ளையையும் ஒருசேரப் பழக்கம் மாற்றிக்கொள்ளச் செய்தார். 1990இல் வெளிவந்த பத்தாண்டுத் தொடராய்வில், அப்பிள்ளைகளின் மிகை எடை தொடக்க அளவைவிடக் குறைந்தே இருந்தது. ஒப்பீட்டுக் குழுவிலோ அது கூடியிருந்தது.

நம் நாட்டிலும் சான்றுண்டு. கோலாலம்பூரில் 7 முதல் 11 வயதுள்ள, உடற்பருமனான 107 பிள்ளைகளிடம் நடத்திய குடும்பவழிச் சிகிச்சை ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஆறு மாதங்களில் எட்டு அமர்வுகள். சிகிச்சை பெற்றோருக்கு 1.5 கிலோ மட்டுமே கூடியது, பெறாதோருக்கு 3.5 கிலோ. குறியீட்டெண்ணில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் உடலியக்கமும் வாழ்க்கைத் தரமும் சிகிச்சை பெற்றவர்களிடம் மேம்பட்டன.

அந்தக் கடைசி வரியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. எண் அசையாவிட்டாலும் பிள்ளை ஓடியாடத் தொடங்கினால், அது தோல்வியன்று. வளரும் பிள்ளைக்கு எடை மெல்ல ஏறுவதே முன்னேற்றம்தான்.

இரண்டு வேலை பார்த்துக் களைத்து வரும் தாயிடம் இதையும் சுமத்தலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆகவேதான் சிறிதாகத் தொடங்கச் சொல்கிறேன். இனிப்புப் பானத்துக்குப் பதில் வீட்டில் அனைவரும் தண்ணீர் அருந்தலாம். தொலைக்காட்சியை அடைத்துவிட்டு ஒன்றாக உண்ணலாம். அண்ணனுக்குப் பொரித்த கோழி, தம்பிக்கு வெள்ளரிக்காய் என்று தட்டைப் பிரிக்காதீர்கள்; அது சிகிச்சையன்று, தண்டனை.

ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. எடையை வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டாம்; பெற்றோரிடம் தனியே சொல்வோம். "குண்டு" என்ற பட்டப்பெயரை வகுப்பறைக்குள் அனுமதியாதிருப்போம். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், தேர்ச்சி விழுக்காட்டோடு சிற்றுண்டிச்சாலை உணவையும் பேசுவோம்.

பெருத்த பிள்ளைக்கும் திடலில் இடமுண்டு. அதன் கையைப் பிடித்து உடன் நடக்கப் பெரியவர்கள் முன்வர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்