காருகுறிச்சியோடு ஒரு மாதம்

போன மாதம் நான் அதிகம் கேட்டது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம்தான். தோடிக்குப் பேர்போன திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், 1964-ல் மறைந்தவர்.

கைப்பேசியில் ஒரு தோடி முடிந்த கையோடு வேறு யாரோ வாசிக்க ஆரம்பித்துவிடுகிறார். இந்த வசதி எனக்குப் பிடிக்கவில்லை. சி-60 கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிஷம். டக்கென்று நின்றதும் எழுந்துபோய்த் திருப்பிப் போடவேண்டும். அந்த இடைவெளியில்தான் என் மனைவி, "அதையே இன்னொரு தரம் போடுங்களேன்" என்பாள். அவள் போய் நாலு வருஷமாகிறது.

தானாக அடுத்தது ஓடுவதை நிறுத்திவைத்துவிட்டேன். (பேரனுக்குச் சிரிப்பு.) ராகம் முடிந்தபிறகும் காதில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, அதையும் கேட்கவேண்டாமா? 30 நாளில் 18 நாள் அந்தத் தோடியேதான்.