கீரைக்குக் கோப்பையா, தராசா?

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருத்தி தன் அனுபவமொன்றை எழுதியிருக்கிறாள். சமையற் புத்தகத்தில் “முளைக்கீரை 150 கிராம்” என்றிருந்தது. அவளிடம் தராசு இல்லை. ஒரு கோப்பை அரிசி ஏறத்தாழ 200 கிராம் நிறுக்கும் என்று அறிந்திருந்தபடியால், முக்காற் கோப்பை கீரையை அளந்தெடுத்து, உப்பையும் தேங்காய்ப்பூவையும் புத்தகத்திற் சொன்னவாறே இட்டாள். கறி ஒரு கரண்டிக்குத்தான் தேறியது. அதுவும் வாயில் வைக்கவொண்ணாத உப்பு. “கீரையை எப்படித்தான் அளப்பது?” என்று கேட்கிறாள்.

அவள் கணக்குப் பிழையன்று. எல்லாப் பொருளும் கோப்பையில் ஒரே நிறை நிற்கும் என்று எண்ணியதே பிழை. அரிசி மணிகள் நெருங்கிக் கிடப்பவை. இலைகளோ ஒன்றன்மேலொன்று தங்கி, இடையிடையே காற்றை அடக்கி நிற்பவை. கீரை நிறைந்த கோப்பையில் பெரும்பகுதி காற்றேயாகும்.

240 மில்லிலீற்றர் கொள்ளும் கோப்பையில், அமுக்காது இட்ட முளைக்கீரை சுமார் 28 கிராம். முருங்கையிலை 21 கிராம். கொத்தமல்லியிலை 16 கிராம். அரிந்த கோவா மட்டும் 70 முதல் 90 கிராம் வரை நிறுக்கும். ஆகவே அம்மாணவிக்கு வேண்டியிருந்தது ஏறக்குறைய ஐந்தரைக் கோப்பை கீரை. அவள் இட்டதோ அதில் ஏழிலொரு பங்கு!

கோப்பையும் ஊருக்கூர் வேறுபடும். அமெரிக்கப் புத்தகங்களின் கோப்பை 237 மில்லிலீற்றர். மெற்றிக் கோப்பை 250. பழைய ஆங்கிலப் புத்தகங்களின் அரைப் பைந்துக் கோப்பை 284. நம் வீடுகளிற் சுண்டாகப் பயன்படும் ரின்பால் பேணி ஏறத்தாழ 300 கொள்ளும். பழைய புத்தகங்கள் கூறும் ஓர் இறாத்தல் 454 கிராம். ஓர் அவுன்சு 28 கிராமுக்குச் சற்று அதிகம். கீரையைக் கையால் அமுக்கினாலோ பொடியாக அரிந்தாலோ, அதே கோப்பையில் இன்னும் அதிகம் அடங்கிவிடும்.

ஆதலால் பிறர் கணக்கை நம்புவதைவிட நம் சுண்டின் கணக்கை நாமே அறிந்துகொள்வது நன்று. கீரையை ஆய்ந்து, தண்டு நீக்கி, கழுவி, நீர் நன்றாக வடியவிடுங்கள். இலையிற் தங்கிய நீரும் நிறையைக் கூட்டும். பின்னர் அமுக்காமல் மூன்று சுண்டு அளந்து, மூன்றையும் ஒருங்கே நிறுத்து, வந்த நிறையை மூன்றாற் பிரியுங்கள். வீட்டில் தராசு இல்லையெனில், அறிந்த கடைக்காரரிடம் ஒருமுறை நிறுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணைச் சமையற் குறிப்பேட்டில் எழுதி வைத்தால் பின்னர் தராசே வேண்டியதில்லை.

இனி வெந்தபின் நிகழ்வதைக் கவனியுங்கள். வெந்த முளைக்கீரை ஒரு கோப்பை ஏறத்தாழ 130 கிராம். பச்சையில் அது நான்கு, ஐந்து கோப்பை. சட்டி நிறைந்த குவியலைப் பார்த்து உப்பிடுவோர் ஏமாறுவது இதனாலேயே. கீரை வதங்கிச் சுருங்கியபின் உப்பிடுங்கள்.

இது சுவையோடு நின்றுவிடும் விஷயமன்று. இரத்தம் உறைவதைத் தடுக்க வார்பரின் என்னும் மருந்தை உண்போர், கீரையை என்றும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்ண வேண்டுமென்பர் வைத்தியர். கீரையிலுள்ள வைற்றமின் கே அம்மருந்தின் வேகத்தைக் குறைப்பதே காரணம். அவர் “ஒரு கோப்பை” என்றால், பச்சையிலா வெந்ததிலா என்று கேட்டறிவது அவசியம்.

எங்கள் அன்னையர் தராசின்றிப் பிடிக்கணக்கிற் சமைத்தனரே என்பீர்கள். உண்மை. ஆயினும் அவர்கள் நாள்தோறும் அளந்தது ஒரே கையால். புதிதாய்ச் சமைக்கப் புகும் பிள்ளைக்கு அந்தக் கை வாய்க்கும்வரை, ஒரு சுண்டும் குறிப்பேடும் துணை நிற்கட்டும்.