17 மணி நேரம் 17 மணி நேரமாகவே இருக்கட்டும்

ஹவாயில் கோனா நகரில் 2015இல் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில், ஜப்பானைச் சேர்ந்த ஹிரோமு இனாதா எல்லைக்கோட்டை நெருங்கிய நேரத்தில் நிலைகுலைந்து விழுந்தார். எழுந்து கோட்டைக் கடந்தபோது, அனுமதிக்கப்பட்ட 17 மணி நேரம் முடிந்து ஐந்தாறு நொடிகள் ஆகியிருந்தன. அப்போது அவருக்கு வயது 82. 3.8 கி.மீ. கடல் நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் எல்லாவற்றையும் கடந்தும், முடித்தவர்கள் கணக்கில் அவர் சேரவில்லை.

இந்த வயதில் இவ்வளவு தூரம் வந்தவருக்கு ஐந்து நொடி விட்டுக்கொடுத்தால் என்ன? கேட்கத் தோன்றுவது இயல்பு. ஆனால், விட்டுக்கொடுக்கக் கூடாது. மறு ஆண்டே 83 வயதில் இனாதா அதே போட்டியைக் காலத்துக்குள் முடித்தார். 2018இல் 85 வயதில் 16 மணி 53 நிமிடத்தில் முடித்து, அந்த உலகப் போட்டியை நிறைவுசெய்த மிக மூத்தவர் ஆனார். சலுகை தரப்பட்டிருந்தால், அவர் திரும்பி வந்து வென்றெடுக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் இத்தகைய டிரையத்லான் போட்டிகளில் முதுமையை இரண்டு விதிகள் ஒரே நேரத்தில் எதிர்கொள்கின்றன. தரவரிசை ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் பிரிக்கப்பட்ட வயதுப் பிரிவுகளுக்குள் நடக்கிறது. 62 வயதுக்காரர் 30 வயதுக்காரரோடு மோத வேண்டியதில்லை. ஆண்டு இறுதியில் எத்தனை வயது என்பதே கணக்கு என்பதால், 60ஐத் தொடப்போகிறவர்கள் அந்த ஆண்டுக்காக ஆவலோடு காத்திருப்பார்கள். புதிய பிரிவில் அவர்கள்தானே இளையவர்கள்! வயது ஏறுவதை ஆதாயமாகப் பார்க்கும் இடங்கள் இவ்வுலகில் அதிகமில்லை. அமெரிக்கக் கன்னியாஸ்திரி மடோனா புடர் 48 வயதுக்குப் பிறகே ஓடத் தொடங்கினார். அவருக்கு வயது ஏற ஏற, போட்டி நடத்துபவர்கள் பெண்களுக்கான புதிய பிரிவுகளைத் திறக்க வேண்டியிருந்தது. 2012இல் கனடாவில் 82 வயதில் அயர்ன்மேனை முடித்தார்.

கடிகாரம் மட்டும் எல்லோருக்கும் பொது. அதன் கண்டிப்பைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீச்சலையும் சைக்கிளையும் 10 மணி நேரத்தில் முடித்தால் ஓட்டத்துக்கு 7 மணி நேரம் கிடைக்கும். கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் என்ற வேகத்தில் 42.2 கி.மீ.க்கு 7 மணி 2 நிமிடம் ஆகும். அதாவது, விறுவிறுவென்று நடந்தே தீர்த்துவிடலாம் என்ற கணக்கு இரண்டு நிமிடத்தில் தோற்கும். அதுவும், எரிமலைப் பாறை வெளியில் வெயிலையும் எதிர்க்காற்றையும் தாண்டி சைக்கிள் மிதித்து வந்த பிறகு. மூத்தவர்கள் நேரத்தைச் சேமிப்பது பெரும்பாலும் சைக்கிளில்தான். உடல் எடையைத் தாங்கும் ஓட்டத்தின் வேகம் வயதோடு சரியும் அளவுக்கு, இருக்கை தாங்கும் சைக்கிளின் வேகம் சரிவதில்லை.

'வயது வெறும் எண்' என்ற வாசகத்தை நான் ஏற்பதில்லை. முப்பதுகளுக்குப் பிறகு, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10% குறைகிறது. கடும் பயிற்சியை விடாதவர்களுக்கு இந்தச் சரிவு மெதுவாக நடக்கிறது, நிற்பதில்லை. வேகத்துக்கான தசை இழைகள் முதலில் மெலிகின்றன. கடினமான பயிற்சிக்குப் பின் உடல் தேற முன்பைவிட அதிக நாள் பிடிக்கிறது. இதையெல்லாம் 'எண்' என்று தள்ளுவது, அந்த உடலோடு அன்றாடம் பேரம் பேசிப் பயிற்சி செய்கிறவர்களின் உழைப்பை மறைக்கிறது. அவர்களை அதிசயப் பிறவிகளாக்குவதும் அப்படியே. இனாதா 60 வயதில் வேலையை விட்டு, நோயுற்ற மனைவியைக் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில் நீச்சலைத் தொடங்கினார். முதல் டிரையத்லான் 70 வயதில். 2025இல் 80 வயதில் கோனாவில் முடித்த அமெரிக்கர் நடாலி கிராபோ, நீந்தக் கற்றதே 59 வயதில். இருவருக்கும் பின்னால் இருப்பவை இருபது ஆண்டுப் பயிற்சியும், அதற்கான நேரமும் பணமும்தான். அவை எல்லா முதியவர்களுக்கும் வாய்ப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடிகாரத்தில் காட்டக் கூடாத இரக்கத்தைக் காட்ட வேண்டிய இடம் தொடக்கக் கோடு. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான்களில் நேர்ந்த 135 மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் ஓர் ஆய்வு தொகுத்தது. அவற்றில் 90 நீச்சலின்போது நிகழ்ந்தவை. ஒட்டுமொத்தமாக லட்சம் பங்கேற்பாளர்களுக்கு 1.74 என்றிருந்த விகிதம், 60 வயதைக் கடந்த ஆண்களிடம் 18.6 ஆக இருந்தது. பிரேதப் பரிசோதனை விவரம் கிடைத்த 61 பேரில் 27 பேருக்கு ஏற்கெனவே இதய, ரத்தநாளக் கோளாறு இருந்தது. குளிர்ந்த நீர், நெரிசல், படபடப்பு ஆகிய மூன்றும் முதல் சில நிமிடங்களிலேயே இதயத்தின் மீது ஏறுகின்றன.

எல்லாக் கோளாறும் பரிசோதனையில் சிக்கிவிடாது. ஆனாலும், இத்தாலியில் போட்டி விளையாட்டில் இறங்க இ.சி.ஜி. உள்ளிட்ட மருத்துவச் சான்று பல பத்தாண்டுகளாகச் சட்டப்படி கட்டாயம். 60 வயதைத் தாண்டியவர்களுக்காவது உலகெங்கும் டிரையத்லான்களில் இதைக் கொண்டுவரலாம். கூடவே டிரெட்மில் பரிசோதனையையும் கேட்கலாம். நீருக்குள் இறங்கி உடலைப் பழக்கிக்கொள்ளப் போட்டிக்கு முன் நேரம் தர வேண்டும். கூட்டமாகத் தள்ளாமல், சிலர் சிலராகக் கடலுக்குள் விடும் முறை எல்லாப் போட்டிகளுக்கும் பரவ வேண்டும். உலகப் போட்டிக்கு நுழைவுக் கட்டணமாக ஆயிரம் டாலருக்கு மேல் வாங்குகிறவர்கள், அந்தப் பரிசோதனைச் செலவில் ஒரு பங்கை ஏற்பதுதான் நியாயம்.