கண்ணாடி டப்பா செட் வாங்கப் போறீங்களா? முதல்ல ஓசி டப்பாவைக் கவனிங்க

சம்பளம் வந்த முதல் வாரத்துல வழக்கமா எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ் பத்தித்தான் கேள்வி வரும். கொஞ்ச நாளா வேற ஒரு கேள்வியும் சேர்ந்து வருது. "பிளாஸ்டிக் டப்பாவை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு கண்ணாடிக்கு மாறணுமா? எட்டு டப்பா செட் 3,000 ரூபாய்னு ஆஃபர்ல இருக்கு, வாங்கலாமா?"

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். செட் வாங்காதீங்க. ரெண்டு, மிஞ்சிப் போனா மூணு கண்ணாடி டப்பா போதும். ஆனா அதுக்கும் முன்னாடி, காசே கொடுக்காம வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கிற டப்பாக்களை அடுப்பு பக்கத்துல இருந்து கிளப்புங்க.

எங்க ஊர் திருப்பனந்தாள். கும்பகோணத்துக்கும் அணைக்கரைக்கும் நடுவுல இருக்கு. காசி மடம் இருக்கிற ஊர்னு சொன்னா உங்க வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரியும். எங்க பக்கத்துல பாதிப் பசங்க சென்னையிலயும் பெங்களூர்லயும் வேலை பார்க்கிறாங்க. லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ் ஏறும்போது ஒவ்வொரு பையிலயும் ஒரு வாரச் சாப்பாடு இருக்கும். புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு, நார்த்தங்காய் ஊறுகாய், இட்லிப் பொடி, கொஞ்சம் வசதியான வீடுன்னா மீன் குழம்பு. இதெல்லாம் எதுல வருதுன்னு பாருங்க. பிரியாணி பார்சல் வந்த வெள்ளை டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, குளிர்பானம் குடிச்சு முடிச்ச பாட்டில். புளிக்காய்ச்சல்ல மேல நல்லெண்ணெய் மிதக்கும், அடியில புளி, அடுப்புல இருந்து இறக்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சூட்டோட ஊத்தி மூடி, மேல ஒரு ரப்பர் பேண்ட்.

2019 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுல சாப்பாடு பொதியிற பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் கப், கேரி பேக் மாதிரியான ஒருமுறை உபயோகிக்கிற பொருட்களுக்குத் தடை இருக்கு. தடை காகிதத்துல எப்படியோ, எங்க பக்கத்து ஹோட்டல்கள்ல சாம்பார் கவருக்குப் பதிலா மூடி போட்ட டப்பா பெருகிடுச்சு. கவரா இருந்தா குப்பைக்குப் போயிருக்கும். டப்பா பார்க்க கெட்டியா இருக்கு, யாருக்குத்தான் தூக்கிப் போட மனசு வரும்? கழுவி அடுக்கிடறோம். நீங்க காசு கொடுத்து வாங்கின நல்ல பிளாஸ்டிக் டப்பா அலமாரியில மிக்சரோட சும்மா இருக்கு. சூடான குழம்பு மட்டும் ஓசி டப்பாவுல போகுது. இந்த ஏற்பாடுதான் எனக்குத் தலைகீழா தெரியுது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்க. அடியில முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்கும். 1-ன்னா பெட், அதாவது தண்ணி பாட்டில், குளிர்பான பாட்டில். சுமார் 75 டிகிரியை ஒட்டியே இது இளக ஆரம்பிச்சிடும். சூடா ரசம் ஊத்தினா பாட்டில் இடுப்பு ஒடிஞ்ச மாதிரி சுருங்கும், நிறைய பேர் பார்த்திருப்பீங்க. 5-ன்னா பாலிபுரொப்பிலீன். சூடு தாங்கறதுல இது தேவலாம். பார்சல் டப்பாவுலயும் இது நிறைய வரும், காசு கொடுத்து வாங்குற டப்பாவுலயும் இதுதான் நிறைய. ஒண்ணு ஒருமுறைக்குன்னு மெல்லிசா செஞ்சது, இன்னொண்ணு பல வருஷத்துக்குன்னு செஞ்சது, அதுதான் வித்தியாசம். நம்பரே இல்லைன்னா அந்த டப்பாகிட்ட நியாயம் பேசவே வேண்டாம், விட்டுடுங்க.

உணவு படுற பிளாஸ்டிக்ல இருந்து கொஞ்சம் பொருள் கசியும்ங்கறதை அரசாங்கமே மறுக்கல. எஃப்எஸ்எஸ்ஏஐ-யோட 2018 பேக்கேஜிங் விதிகள் ஒரு கிலோ உணவுக்கு மொத்தமா 60 மில்லிகிராம்னு அதுக்கு எல்லை வெச்சிருக்கு. சூடு, எண்ணெய், புளிப்பு, எவ்வளவு நேரம் உள்ள இருக்குங்கறது, இந்த நாலும் கூடக் கூட கசிவும் கூடும். நம்ம புளிக்காய்ச்சல்ல நாலும் ஒண்ணா இருக்கு!

2023-ல அமெரிக்காவுல நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் உணவு டப்பாக்களை மைக்ரோவேவ்ல மூணு நிமிஷம் சூடு பண்ணிப் பார்த்தாங்க. அதிகபட்சமா ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புல இருந்து 42 லட்சம் மைக்ரோபிளாஸ்டிக் துகள்களும், 200 கோடிக்கு மேல நானோ துகள்களும் வந்திருக்கு. இது உடம்புக்குள்ள போய் என்ன பண்ணும்ங்கறது இன்னும் ஆராய்ச்சி நிலையிலதான் இருக்கு. அதனால "பிளாஸ்டிக் டப்பா வெச்சிருந்தா கேன்சர்"னு ரீல்ஸ் போட்டு, கீழேயே கண்ணாடி செட்டுக்கு லிங்க் கொடுக்கிறவங்களை நான் நம்பமாட்டேன். பயத்தைக் காட்டி விக்கிற எதுவா இருந்தாலும், இன்ஷூரன்ஸோ டப்பாவோ, ரெண்டு நாள் கழிச்சு முடிவு பண்றது நல்லது. ஆனா சூட்டையும் பிளாஸ்டிக்கையும் சேர்க்காம இருக்க ஆராய்ச்சி முடியட்டும்னு காத்திருக்கவும் தேவையில்ல. அதுக்குச் செலவு கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல.

நம்ம பாட்டிகளுக்கு இந்த விஷயம் நல்லாவே தெரியும். பித்தளையில புளி பட்டா களிம்பு ஏறும், அதனால உள்பக்கம் ஈயம் பூசினாங்க. (ஈயம்னா வெள்ளீயம், காரீயம் இல்ல.) "பாத்திரத்துக்கு ஈயம் பூசறது"ன்னு தெருவுல குரல் கேட்டா பாத்திரத்தைத் தூக்கிட்டு ஓடுவாங்க. வத்தக்குழம்பு கல்சட்டியில, ஊறுகாய் பீங்கான் ஜாடியில, நெல்லு பத்தாயத்துல. எல்லாத்துக்கும் ஒரே செட்னு யாரும் வாங்கி வைக்கல. உள்ள என்ன போகப் போகுதுன்னு பார்த்துட்டுத்தான் பாத்திரத்தை எடுத்தாங்க.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு உதாரணம்தான், உங்க கடை விலையைப் போட்டுப் பார்த்துக்கோங்க. ஒரு நல்ல பிளாஸ்டிக் டப்பா 120 ரூபாய், வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தறீங்க. அதே அளவு போரோசிலிகேட் கண்ணாடி டப்பா 400 ரூபாய். 400-ஐ 120-ஆல வகுத்தா மூணு வருஷம் நாலு மாசம். அத்தனை நாள் உடையாம இருந்தாத்தான் கண்ணாடி லாபம். இப்போ உங்க வாழ்க்கையைப் பாருங்க. வேளச்சேரியில மூணு பேர் சேர்ந்து எடுத்த வீடு, பதினோரு மாச அக்ரிமென்ட். ஒவ்வொரு அக்ரிமென்ட்டுக்கும் வீடு மாறினா, அந்த மூணு வருஷம் நாலு மாசத்துக்குள்ள மூணு ஷிஃப்டிங். ராத்திரி பதினோரு மணிக்குப் பாத்திரம் கழுவுற ரூம்மேட் வேற. கண்ணாடிக்கு ஆயுசு எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க.

அதுக்காக பிளாஸ்டிக் லாபம்னு நான் சொல்ல வரல. ஒரே வருஷத்துல உடைஞ்சாக்கூட நஷ்டம் டப்பாவுக்கு 280 ரூபாய், ஒரு பிரியாணி விலை. மூணு டப்பாவும் போனாலும் 840. இந்தப் பணத்துல யாரும் ஏழையாகப் போறதில்ல. பணம் வீணாகிறது எட்டு டப்பா செட்ல. ரெண்டு பேர் இருக்கிற வீட்டு ஃப்ரிட்ஜுல ஒரே நேரத்துல மூணு டப்பாவுக்கு மேல சுத்தாது. மீதி அஞ்சு அட்டைப் பெட்டியிலயே தூங்கும். 3,000 ரூபாயில 1,875 ரூபாய் தூங்குதுன்னு அர்த்தம். இதை நோ-காஸ்ட் இஎம்ஐ-ல வேற வாங்கறாங்க, எனக்குப் பேச்சே வரல.

வாங்கறதா இருந்தா ரெண்டு விஷயம் பாருங்க. போரோசிலிகேட்னு போட்டிருக்கணும். சாதாரண கண்ணாடி சூட்டுல விரியறதுல மூணுல ஒரு பங்குதான் இது விரியும், அதனாலதான் சட்டுனு விரிசல் விடாது. அதுக்காக ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்த கையோட கொதிக்கிற குழம்பை ஊத்தாதீங்க. ரெண்டாவது, மூடி. கண்ணாடி டப்பான்னு பேரு, மூடி பிளாஸ்டிக்தான்! நாலு பக்கமும் இருக்கிற கிளிப்ல ஒண்ணு உடைஞ்சா டப்பா வெறும் கிண்ணம். மூடி தனியா கிடைக்குமான்னு கேட்டுட்டு வாங்குங்க. மைக்ரோவேவ்ல வைக்கும்போது மூடியைக் கழட்டிடுங்க, இல்லைன்னா கண்ணாடி வாங்கின காரணமே போயிடும்.

பொடி, பருப்பு, மிளகாய் மாதிரி உலர்ந்த சாமானுக்குக் கண்ணாடியைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். ஹார்லிக்ஸ் பாட்டில்ல சாம்பார் பொடி போட்டு வளர்ந்த வீடுகள்தானே நம்மளோடது. ஜாம் பாட்டில், காபித்தூள் பாட்டில், ஊறுகாய் பாட்டில் எல்லாம் அருமையான ஓசி கண்ணாடி. சூடா மட்டும் எதையும் ஊத்தாதீங்க, வெடிச்சிடும்.

ஊர்ல இருந்து எடுத்துட்டு வர்றதுக்கு? போன வருஷம் வீட்டுக்கு ரெண்டு கண்ணாடி டப்பா வாங்கி அனுப்பினேன். பொங்கலுக்குப் போய்ப் பார்த்தா ஷோகேஸ்ல, பேரனோட ஃபோட்டோவுக்குப் பக்கத்துல நிக்குது.

"ஏம்மா, குழம்பு ஊத்தி வைக்கத்தானே வாங்கினேன்?"

"போடா, இத்தனை வெல போட்டு வாங்கிட்டு, கைதவறிச்சுன்னா? விருந்தாளி வந்தா எடுத்துக்கலாம்."

அம்மா சொன்னதுல தப்பே இல்ல. பயந்து பயந்து புழங்குற பொருள் அலமாரிக்குத்தான் போகும். அப்புறம் பரண்ல இருந்து ஒரு எவர்சில்வர் தூக்கை இறக்கினாங்க. அடியில அப்பா பேரு வெட்டியிருக்கு. பஸ்ஸுல மேல ரேக்ல இருந்து விழுந்தாலும் நசுங்கும், உடையாது. வத்தக்குழம்பு இப்போ அதுலதான் வருது.

பிளாஸ்டிக்கா கண்ணாடியான்னு கேட்கிற பட்டிமன்றத்துல எவர்சில்வரை யாரும் மேடையில ஏத்தறதே இல்ல, அதான் எனக்கு ஆச்சரியம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து எவர்சில்வர் பாத்திரத்துக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்துல இருந்து 5 ஆகியிருக்கு. பழசைப் போட்டுப் புதுசு எடுக்கிற வசதி கும்பகோணம் பாத்திரக் கடையிலயும் உண்டு, உங்க ஏரியா கடையிலயும் கேட்டுப் பாருங்க. பிளாஸ்டிக்குக்கோ கண்ணாடிக்கோ அப்படி யார் காசு தருவா? வாங்கும்போது 304 கிரேடுன்னு கேளுங்க, அதுல 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கும். காந்தம் ஒட்டலைன்னா நல்ல எவர்சில்வர்னு சொல்றதை நம்பாதீங்க, மலிவான 202-லயும் காந்தம் ஒட்டாது. மைக்ரோவேவ்ல மட்டும் வைக்க முடியாது. ஊறுகாயை மாசக்கணக்குல அதுல வெச்சா உப்பு அரிச்சுப் புள்ளி விழும், அது ஜாடிக்கோ கண்ணாடி பாட்டிலுக்கோ போகட்டும்.

ஆபீஸ்ல மைக்ரோவேவ் இருக்கிறவங்களுக்கு ஒரு கண்ணாடி டப்பாவை அங்கேயே டிராயர்ல வெச்சிடறது நல்ல வழி. எவர்சில்வர்ல எடுத்துட்டுப் போய் அதுல மாத்திச் சூடு பண்ணிக்கலாம். கண்ணாடியைத் தினமும் எலக்ட்ரிக் ட்ரெயின்ல சுமக்க வேண்டாம், லேப்டாப் பையே போதுமான கனம்.

டப்பர்வேர் வெச்சிருக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். 1946-ல எர்ல் டப்பர் அமெரிக்காவுல ஆரம்பிச்ச பிராண்ட், 1996-ல இந்தியாவுக்கு வந்துச்சு. நம்ம அம்மாக்கள்ல பல பேர் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி அதை வாங்கியிருக்காங்க. ஆயுட்கால வாரன்ட்டின்னு சொல்லித்தான் வித்தாங்க. அந்தத் தாய் நிறுவனமே 2024 செப்டம்பர்ல அமெரிக்காவுல திவால் மனு போட்டுச்சு. வாரன்ட்டியில சொல்ற ஆயுசு யாரோட ஆயுசுன்னு கேட்டுட்டுத்தான் அதுக்குன்னு கூடுதலா காசு கொடுக்கணும். டப்பாவை என்னவோ தூக்கிப் போடத் தேவையில்ல. கீறல் விழாம இருந்தா ஆறின சாமான், வறுத்த கடலை, முறுக்கு எல்லாத்துக்கும் தாராளமா ஓடும்.

இந்த மாச பட்ஜெட்டுல 1,200 ரூபாய் ஒதுக்க முடிஞ்சா, ஒழுகாத மூடி இருக்கிற எவர்சில்வர் டப்பா ரெண்டு, போரோசிலிகேட் டப்பா ஒண்ணு. ஒதுக்க முடியலைன்னா பரண்ல ஏறிப் பாருங்க, உங்க வீட்டுலயும் பேரு வெட்டின தூக்கு ஒண்ணு கிடக்கும்.

பார்சல் டப்பாவை என்ன பண்றதுன்னு கேட்பீங்க. குப்பையில போட அம்மா விடமாட்டாங்க, முயற்சியே பண்ணாதீங்க. எங்க வீட்டுல இப்போ ஒண்ணுல துணி கிளிப், ஒண்ணுல கத்திரி விதை, இன்னொண்ணுல மூணு வருஷத்து கரண்ட் பில் இருக்கு.