கண்ணிலார்க்கும் உரியது தமிழ்

தமிழைக் கணிப்பொறியில் ஏற்றிவிட்டோம் எனப் பெருமை பேசுவார் பலர். ஏற்றிய தமிழ் எல்லார்க்கும் எட்டுகின்றதா என எண்ணிப் பார்ப்பார் சிலரே.

திரையிலுள்ள எழுத்தைப் பார்வையற்றோர்க்கு ஒலியாக்கித் தருவது திரைபடிப்பான். அத்தகு மென்பொருள் பல்லாயிரம் உருபாவுக்கு விற்ற காலத்தே, பார்வையற்றவரான ஆத்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006-இல் என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பானை உருவாக்கத் தொடங்கினார். அது விலையின்றி வழங்கப்பெற்றது; அதன் நிரலும் உலகிற்குத் திறந்து வைக்கப்பெற்றது. திறந்திருந்தமையாலன்றோ ஆர்வலர் அதனைத் தமிழுக்கும் கொணர முடிந்தது! வணிகர் பூட்டிய நிரலாயின், அவர் உள்ளம் இரங்கும்வரை நாம் வாயிலிற் காத்துக் கிடந்திருப்போம்.

ஆயின், அக்கருவி படித்தற்குரிய தமிழை நாம் எவ்வாறு வைத்துள்ளோம்? நூல்களை வெறும் படமாகப் பதிந்து ஏற்றுகின்றோம். எழுத்தில்லாப் படம் அதற்கு வெற்றுத்தாளே. பாமினி போலும் பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் உரோமன் எழுத்துகளின் இடத்தில் அமர்ந்துள்ளன. ஆகலின், 'அம்மா' என்னும் சொல்லும் 'எம், கே, கே, எச்' எனச் சிதைந்தொலிக்கும். தாய்மொழி காக்கப் புறப்பட்டோரே தாயின் மக்களுள் ஒரு சாராரைப் புறத்தே நிறுத்துவது தகுமோ?

மின்வழிச் செய்திகள் அவர்க்கும் எட்டும் வடிவில் அமைய அரசு ஆவன செய்க என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம். அரசை இடித்துரைப்போம், அதன்முன் நம் கடனை ஆற்றுவோம். மதுரைத் திட்டத்தார் 1998 முதல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு வழிகாட்டியுள்ளனர். தமிழமைப்புகளும் பதிப்பகங்களும் இனி வெளியிடுவன யாவற்றையும் ஒருங்குறி எழுத்திலேயே இடுக!

கண்ணுள்ளார் மட்டுமே படிக்கும் தமிழ் அரைத்தமிழே.