கோர்ஸில் சேரும் முன் ஒரு பேப்பர் எடுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்பத்தூரில் எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு அக்கா என்னைக் கூப்பிட்டார். அவர் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். மகள் பி.காம். முடித்திருக்கிறாள். அவளுக்காகப் புதிதாக ஒரு லேப்டாப் வாங்கியிருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு இன்ஸ்டிடியூட்டின் நோட்டீஸ். வெப் புரோகிராமிங்கும் பிசினஸ் புராசஸ் மாடலிங்கும் சேர்த்து ஆறு மாதக் கோர்ஸ், கட்டணம் 45,000 ரூபாய்.

"தம்பி, கழுத்துச் செயினை வெச்சுக் கட்டிடலாம்னு இருக்கேன். சேரலாமா, நீங்கதான் சொல்லணும்" என்றார்.

"ஒரு மூணு மாசம் பொறுங்கக்கா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே எழுதுகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பல வீடுகளில் இதே கேள்வி இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் பட்ட பாடு

2004ல் நானும் கடன் வாங்கி 18,000 ரூபாய் கட்டி ஒரு வெப் டிசைனிங் கோர்ஸில் சேர்ந்தவன்தான். ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், பிஹெச்பி எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். சான்றிதழும் கொடுத்தார்கள்.

என் மாமா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய ஷெட்டில் ஆறு லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்து வந்தார். 1964ல் தொடங்கப்பட்ட அந்தப் பேட்டையில் அவரைப் போன்ற சிறு தொழில் செய்பவர்கள் ஏராளம். கம்பெனிகளிடமிருந்து வார்ப்புகள் வரும். கடைந்து, துளை போட்டு, பிளேட்டிங்கிற்கு வெளியே அனுப்பி, திரும்பி வந்ததும் அளவு பார்த்து அனுப்ப வேண்டும். இதையெல்லாம் அவர் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். "மாமா, இதைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறேன்" என்று நான் இறங்கினேன்.

இரண்டு மாதம் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தேன். லாகின் பக்கம், கலர் கலராக மெனு, மேலே கம்பெனி பெயர் ஓடிக்கொண்டே இருக்கும். மாமா பத்து நாள் பயன்படுத்தினார். பிறகு பழைய நோட்டுக்கே போய்விட்டார்.

காரணம் இதுதான். என் புரோகிராமில் பிளேட்டிங்கிற்கு 'அனுப்பிய தேதி' என்று ஒரு கட்டம், 'வந்த தேதி' என்று ஒரு கட்டம். ஆனால் நிஜத்தில் 500 பீஸ் அனுப்பினால் ஒரே நாளில் 500 திரும்பி வராது. செவ்வாய்க்கிழமை 200 வரும், வெள்ளிக்கிழமை 180 வரும், அடுத்த வாரம் 100 வரும். மீதி 20 எங்கே? அதை எழுத என் திரையில் இடமே கிடையாது. அந்தப் பத்து நாளில் நோட்டில் எழுதாமல் விட்டதால், காணாமல் போன 20 பீஸுக்குக் கணக்குக் காட்ட முடியவில்லை. பார்ட்டி மாமாவின் பில்லிலிருந்து அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டார்கள்.

மாமா என்னைத் திட்டவில்லை. "நீ ஒரு நாள் வந்து ஷெட்டில் நின்னு பார்த்திருக்கலாம்டா" என்று மட்டும் சொன்னார். 18,000 ரூபாய் கோர்ஸில் எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம் அது.

நடைமுறையை வரைவது என்றால் என்ன?

ஒரு வேலை எங்கே தொடங்குகிறது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, எங்கே முடிகிறது என்பதைப் படமாக வரைவதுதான் பிசினஸ் புராசஸ் மாடலிங். பெயர்தான் பெரியது. விஷயம் பழையது. 1921லேயே அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற தம்பதி, தொழிற்சாலை வேலைகளைக் குறியீடுகளால் வரைந்து காட்டும் முறையை இயந்திரப் பொறியாளர்கள் சங்கத்தில் விளக்கியிருக்கிறார்கள்.

இன்று உலகம் முழுவதும் இதற்குப் பயன்படும் குறியீட்டு முறை பிபிஎம்என். இது முதலில் 2004ல் வெளியானது. 2011ல் அதன் 2.0 பதிப்பு வந்தது. 2013ல் சர்வதேசத் தர நிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது. குறியீடுகள் ஏராளமாக இருந்தாலும் ஆரம்பத்தில் ஐந்து தெரிந்தால் போதும்.

வட்டம் என்றால் தொடக்கம் அல்லது முடிவு. தொடக்கத்திற்கு மெல்லிய கோடு, முடிவிற்குத் தடித்த கோடு. முனை வளைந்த செவ்வகம் என்றால் ஒரு வேலை. சாய்சதுரம் என்றால் பாதை பிரியும் இடம். அம்புக்குறி என்றால் அடுத்தது எது என்பது. நீளப் பட்டை என்றால் யார் பொறுப்பு என்பது. வேறொரு கம்பெனி வந்தால் அதற்குத் தனிப் பெட்டி போட்டு, இரண்டுக்கும் நடுவே விட்டு விட்டுப் போகும் கோட்டால் அம்புக்குறி போட வேண்டும்.

மாமாவின் வேலையை இப்படி வரைந்து பாருங்கள். பிளேட்டிங்காரர் தனிப் பெட்டி. அங்கிருந்து பீஸ் வந்ததும் ஒரு சாய்சதுரம்: 'முழு எண்ணிக்கையும் வந்துவிட்டதா?' இல்லை என்றால் அம்புக்குறி திரும்பவும் காத்திருக்கும் இடத்திற்கே போகும். அந்தத் திரும்பிப் போகும் அம்புக்குறிதான் நான் தவறவிட்டது. ஒரு சலானுக்குப் பல வரவுகள் உண்டு என்று அது சொல்கிறது. ஆகவே டேட்டாபேஸில் சலானுக்கு ஒரு டேபிள், வரவுகளுக்குத் தனியாக இன்னொரு டேபிள் வேண்டும். பென்சிலில் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டியது, இரண்டு மாத உழைப்பையும் மாமாவின் பணத்தையும் தின்றுவிட்டது.

இப்போது இது இன்னும் முக்கியம். 2017ல் ஜிஎஸ்டி வந்த பிறகு, ஜாப் ஒர்க்கிற்கு வரி கட்டாமல் சலான் போட்டு அனுப்பும் மூலப்பொருள் பொதுவாக ஓராண்டுக்குள் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாக வைத்துக்கொண்டு வரி கேட்பார்கள். எத்தனை அனுப்பினோம், எத்தனை வந்தது என்பது சும்மா கணக்கு அல்ல, காசு.

எதை வைத்துப் படிக்கலாம்?

இணையத்தில் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. அதிகமாக இருப்பதுதான் பிரச்சினை. பத்துத் தளங்களை புக்மார்க் செய்து, நூறு வீடியோக்களை டவுன்லோட் செய்து வைப்பது படிப்பு ஆகாது. நான் சிபாரிசு செய்யும் வரிசை இது. எல்லாவற்றையும் பணம் கட்டாமல் படிக்கலாம்.

முதலில் தமிழில் படியுங்கள். கணியம் அமைப்பினர் வெளியிட்டுள்ள 'எளிய தமிழில்' வரிசையில் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், பிஹெச்பி, மைஎஸ்க்யூஎல் ஆகியவற்றுக்கு மின்னூல்கள் இருக்கின்றன. டவுன்லோட் செய்து நண்பர்களுக்கும் கொடுக்கலாம். ஆங்கிலத்தில் தடுமாறுபவர்கள் இங்கிருந்து தொடங்கினால் பயம் போய்விடும்.

கேட்டுப் படிக்க விரும்புபவர்களுக்கு மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல். சிறு சிறு வீடியோக்கள். பலவற்றுக்குத் தமிழ் ஒலியும் உண்டு. திரையின் ஒரு பாதியில் வீடியோவை ஓடவிட்டு, மறு பாதியில் நீங்களும் செய்து பார்க்க வேண்டும். படுத்துக்கொண்டு மொபைலில் பார்த்தால் பயனில்லை.

பழகிப் பார்க்க டபிள்யூ3ஸ்கூல்ஸ். பிரவுசரிலேயே கோடை மாற்றி விளைவை உடனே பார்க்கலாம். இது நார்வே நாட்டு நிறுவனம் ஒன்றின் தளம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சந்தேகம் வந்தால் மொஸில்லாவின் எம்டிஎன் தளத்தைப் பாருங்கள். அங்கே விளக்கம் ஆழமாக இருக்கும். பயிற்சிக் கணக்குப் போல ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போக வேண்டும் என்றால், 2014ல் தொடங்கிய ஃப்ரீகோடுகேம்ப் இருக்கிறது.

கல்லூரிப் பாடம் போல வேண்டுமா? ஐஐடிக்களும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல். பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம்.

பிஹெச்பி பழக உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு சர்வர் வேண்டும். அதற்கு ஸாம்ப் என்ற தொகுப்பை இன்ஸ்டால் செய்தால் போதும். சர்வர், பிஹெச்பி, டேட்டாபேஸ் மூன்றும் ஒன்றாக வந்துவிடும். அது வீட்டில் பழகுவதற்கு மட்டும்தான். அப்படியே இணையத்தில் திறந்து வைக்காதீர்கள்.

நடைமுறை வரைய பிபிஎம்என்.ஐஓ தளத்தைத் திறந்தால் பிரவுசரிலேயே வரையலாம். வரைந்ததை சேவ் செய்து நோட்பேடில் திறந்து பாருங்கள். ஹெச்டிஎம்எல்லில் பார்த்த அதே மாதிரி டேக்குகள் இருக்கும்! படமும் கோடும் அவ்வளவு தூரமில்லை என்று அப்போது புரியும். பிபிஎம்என் விதிகள் அடங்கிய அதிகாரபூர்வ ஆவணமும் இலவசம்தான். ஆனால் 500 பக்கத்துக்கு மேல். ஆரம்பத்தில் அதைத் தொடாதீர்கள்.

ஏன் இரண்டையும் சேர்த்து?

"கோடு எழுதத்தான் இப்போது ஏஐ இருக்கிறதே, எதற்குப் படிக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்டால் எழுதித் தருகிறது, உண்மைதான். ஆனால் எதைக் கேட்பது? 2004ல் ஏஐ இருந்திருந்தாலும் நான் 'அனுப்பிய தேதி, வந்த தேதி' என்று இரண்டு கட்டங்கள்தான் கேட்டிருப்பேன். தப்பான புரோகிராம் இரண்டு மாதத்திற்குப் பதிலாக இரண்டு நிமிடத்தில் கிடைத்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கோடு எழுதுகிறவர்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். ஒரு ஷெட்டில் நின்று வேலையைப் பார்த்து, கேட்டு, வரைந்து, "இப்படித்தானே நடக்கிறது?" என்று முதலாளியிடமே காட்டி ஒப்புதல் வாங்கக்கூடியவர்கள் குறைவு. பட்டாபிராமில் டைடல் பார்க் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. ஆவடி, பூந்தமல்லிப் பிள்ளைகளுக்கு ஐடி வேலை என்றால் தரமணிக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை மாறி வருகிறது. அதேசமயம் நம்மைச் சுற்றியுள்ள ஷெட்டுகளும் கடைகளும் நமக்குப் பாடப் புத்தகம்தான். வேறு ஊரில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

அப்படியானால் இன்ஸ்டிடியூட்டே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். தனியாக உட்கார்ந்து படிக்க எல்லோராலும் முடியாது. ஒரு ஆசிரியர், ஒரு நேரம், கூடப் படிக்க நாலு பேர் இருந்தால்தான் படிப்பு வரும் என்பவர்கள் தாராளமாகச் சேரலாம். ஆனால் பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதிப்பார்களா? போன பேட்ச் மாணவர்கள் செய்த புராஜெக்ட்டைக் காட்டுவார்களா? நடுவில் நின்றால் மீதிப் பணம் திரும்பக் கிடைக்குமா, அதை எழுதித் தருவார்களா? பதில் மழுப்பலாக இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் மூன்று மாதம் வீட்டில் படித்துப் பாருங்கள். பிடிக்கிறதா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்று தெரிந்தால் 45,000 ரூபாய் மிச்சம். பிடித்துப் போனால், கோர்ஸில் சேரும்போது என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நான் கொடுத்த முதல் வீட்டுப்பாடம், லேப்டாப்பைத் திறக்காமல் அவள் அம்மாவின் தையல் வேலையை ஒரு பேப்பரில் வரைவது. துணி வருவது, அளவு எடுப்பது, அட்வான்ஸ் வாங்குவது, ஆரி ஒர்க்கிற்கு பூந்தமல்லியில் ஒருவரிடம் அனுப்புவது, திரும்ப வாங்குவது, டெலிவரி. நாலு நாள் கழித்துக் கொண்டு வந்து காட்டினாள்.

"அங்கிள், அளவு பிளவுஸ் ஒண்ணு வாங்கி வெச்சுக்கறோம்ல, அதைத் திருப்பிக் கொடுக்கற இடமே படத்துல வரல. அதான் வீட்ல ஒரு பை நிறைய யாரோடதுன்னே தெரியாம கிடக்கு" என்று சிரித்தாள்.

மாமாவின் 20 பீஸ் எனக்கு ஞாபகம் வந்தது. இவள் அதை ஒரு ரூபாய் செலவில்லாமல், ஒரு வரி கோடு எழுதும் முன்பே கண்டுபிடித்துவிட்டாள். இப்போது அம்மாவின் ஆர்டர்களைப் பதிய ஒரு பக்கம் ஹெச்டிஎம்எல்லில் தயாராகிக்கொண்டிருக்கிறது. கோர்ஸில் சேருவதா வேண்டாமா என்பதை மூன்று மாதம் முடிந்ததும் அவளே முடிவு செய்வாள். அதுவரை செயின் அக்காவின் கழுத்திலேயே இருக்கட்டும்.

நீங்களும் இன்றே ஒரு பேப்பர் எடுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ தினமும் நடக்கும் ஒரு வேலையை வரையுங்கள். அந்த வேலையைச் செய்பவரிடமே காட்டி, சரியா என்று கேளுங்கள். பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள்.