கொரிய நாட்டுத் தாழியும் ஆதிச்சநல்லூர்த் தாழியும்

வேற்றுநாடு சென்று கல்வி பயில்வார் இருவகைச் செல்வங்களோடு மீளலாம். ஒன்று, பட்டமும் அதனால் வரும் பதவியும். மற்றொன்று, அந்நாட்டார் தம் முன்னோர் வைத்த பொருளை எங்ஙனம் போற்றுகின்றனர் என்று கண்டு, அக்கண்கொண்டு தம் நாட்டை நோக்குந் திறம். முன்னையதன் பயனை யாவரும் அறிவர். பின்னையதைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

இந்நாளில் நம் மாணவர் பலர் ஆராய்ச்சியின் பொருட்டுத் தென்கொரியா செல்கின்றனர். பொருநைக் கரையில், ஆதிச்சநல்லூர்க்கு அணித்தாகப் பிறந்து வளர்ந்த யாமும் அங்ஙனஞ் சென்று சில ஆண்டுகள் அந்நாட்டில் உறைந்தோம். முதற்கண் எம்மைக் கவர்ந்தது ஆராய்ச்சிக்கூடத்து ஒழுக்கமே. புதிதாய்ச் சேர்ந்தவரின் வயதை முன்னர்க் கேட்டறிகின்றனர். இஃது அநாகரிகமன்று, வயதறிந்தாலன்றி இன்ன வினைமுற்றாற் பேசுதல் தகும் என்று துணிதல் அவர்க்கு அரிது. நீ, நீர், தாங்கள் என்னும் வேறுபாட்டோடு வளர்ந்த நமக்கு இதன் நயம் எளிதில் விளங்கும். மூத்த மாணவர் 'சொன்பே' எனப்படுவர். இளையார்க்குக் கருவிகளைக் கையாளக் கற்பித்தலும், உடனிருத்தி உண்பித்தலும் அவர் தங் கடனாகக் கொள்வர். வாரந்தோறுங் கூடும் அவையில் ஒவ்வொருவரும் தம் சோதனைகளை எடுத்துரைப்பர்; தவறிய சோதனைகளும் ஆண்டு மறைக்கப்படவில்லை. மாலையிற் பிரியுங்கால், 'உழைத்தீர்கள்' என்று பொருள்படுஞ் சொல்லையே வணக்கமாகக் கூறுவர். உழைப்பையே வாழ்த்தாக்கிய அவ்வழக்கம் எம் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

ஆயினும், அங்குச் செல்லுந் தமிழர்க்கு ஒரு மயக்கமும் உண்டாகின்றது. தந்தையை 'அப்பா' என்றும் தாயை 'ஒம்மா' என்றும் அழைக்கக் கேட்டவுடன், இரு மொழியும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் எனச் சிலர் துணிந்துவிடுகின்றனர். வினைச்சொல் வாக்கியத்தின் ஈற்றில் நிற்றலும், உருபுகள் பெயர்க்குப் பின் வருதலும் அத்துணிபை வலியுறுத்துகின்றன. இவ்வெண்ணம் புதியதன்று. நம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட ஒப்பிலக்கணத்தைத் துணைக்கொண்டு, கொரியாவில் வாழ்ந்த ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொரிய மொழியைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். பின்வந்த மொழிநூலார் பெரும்பாலோர் அவ்வுறவை ஏற்றிலர். குழவியின் இதழிற் பிறக்குஞ் சொற்கள் பல மொழிகளில் ஒத்திருத்தல் இயல்பே. வினை ஈற்றில் நிற்றல் ஜப்பானிய மொழிக்கும் துருக்கி மொழிக்கும் பொது. 'ஒன்னி' என்பதைக் கேட்டு 'அண்ணி' என்று மகிழ்வாரும் உளர். அதுவோ முதன்மையாக ஒரு பெண் தன் தமக்கையை அழைக்குஞ் சொல்.

இனி, அயுத நாட்டு இளவரசி ஒருத்தி கி.பி. 48-இல் கடல்கடந்து சென்று சூரோ மன்னனை மணந்தாள் என்று 'சாம்குக் யூசா' என்னும் கொரிய நூல் கூறும். அந்நாடு அயோத்தியே என்பாரும், தென்கோடி ஆய்நாடே என்பாரும் உளர். அந்நூல் தொகுக்கப்பட்டதோ 13-ஆம் நூற்றாண்டில். இடையே கழிந்த ஏறத்தாழ 1,200 ஆண்டுகளை ஒரு பெயரொலியாற் பாலமிட்டுக் கடத்தல் ஆராய்ச்சியாகாது.

ஒப்புமை காண்டலே தவறு என்பது எம் கருத்தன்று. அஃது ஆராய்ச்சிக்கு வாயில். வாயிலிலேயே அமர்ந்துவிடுதல்தான் தவறு. இதற்கு ஓர் எடுத்துக்காட்டு, கொரியாவின் தென்மேற்கே, யொங்சான் ஆற்றங்கரையிலுள்ள நாஜூ. அங்கும் மாந்தரைப் பெருந்தாழிகளில் இட்டுப் புதைத்தனர் என்று அறிந்தபோது, பொருநைக் கரையில் பிறந்த எம் உள்ளம் துள்ளியது உண்மை. உற்று நோக்குமிடத்து வேற்றுமைகள் புலனாயின. ஆதிச்சநல்லூரில் தாழிகள் பரற்பாங்கான நிலத்திற் குழியகழ்ந்து நிறுத்தப்பட்டன. நாஜூவிலோ இரண்டு தாழிகளை வாயோடு வாய் பொருத்திக் கிடத்தி, மேலே மண்மேடு எழுப்பினர். ஆதிச்சநல்லூரில் 2004-இல் தொடங்கிய அகழ்வில் எடுத்த மாதிரிகள் இரண்டு கி.மு. 905, கி.மு. 696 என்னுங் காலங்களைக் காட்டின. நாஜூத் தாழிகள் கி.பி. 3-ஆம் நூற்றாண்டு முதல் 6-ஆம் நூற்றாண்டு வரையின. ஆயிரம் ஆண்டு இடைவெளியும் பெருங்கடலும் நடுவே கிடக்கின்றன. உறவு என்று கூறச் சான்றில்லை.

எனினும், இவ்விரண்டு இடங்களின் பிற்கால வரலாறு வியக்கத்தக்கவாறு ஒத்துள்ளது. ஆதிச்சநல்லூரை 1876-இல் அகழ்ந்தவர் ஜெர்மானியராகிய ஜாகர். அவர் கண்ட பொருள்கள் பெர்லின் சென்றன. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்து, பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் இரும்புப் படைக்கலங்களும் கண்டு, 1915-இல் பட்டியல் வெளியிட்டார். நாஜூவில் சின்சோன்-ரி 9-ஆம் மேட்டை 1917, 1918-ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தவர், அந்நாளில் கொரியாவை ஆண்ட ஜப்பானியர். தாழியொன்றிற் பொன்முலாம் பூசிய வெண்கல முடி கிடைத்தது. அவர் எழுதி வைத்ததோ மிகச் சுருங்கிய குறிப்பு. இரு நாட்டிலும் பிறர் அகழ்ந்தனர். பிறர் மொழியிற் பிறர் எழுதினர்.

பின்னர்க் கொரியர் செய்ததே நாம் கற்கத்தக்கது. அம்மேட்டை அவர்களே 1999-இல் மீண்டும் ஆராய்ந்தனர். தாழிமேடுகளின் அருகிலேயே 2013-இல் தேசியப் பொருட்காட்சிச்சாலை ஒன்றைத் திறந்தனர். அதனினும் எம்மை வியப்பித்தது ஒன்றுண்டு. ஆள்கொள்ளும் அப்பெருந்தாழியை முன்னோர் எங்ஙனம் வனைந்து சுட்டனர் என்றறிய, அந்நாட்டு ஆராய்ச்சியாளர் மண் பிசைந்து, சூளை அமைத்து, ஆண்டுக்கணக்கிற் சுட்டுப் பார்த்தனர். வெடித்தவற்றையும் சரிந்தவற்றையும் குறித்து வைத்து மீண்டுஞ் சுட்டனர். அரசன் சேஜோங் 1446-இல் வெளிப்படுத்திய தம் எழுத்திலேயே அவற்றின் வரலாற்றைச் சிறாரும் படிக்க வைத்துள்ளனர்.

நம் பக்கலிலும் நன்மை தோன்றாமலில்லை. 2021-இல் மீண்டும் அகழ்வு தொடங்கியது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில், அகழ்ந்த குழிகளை அவ்விடத்தே காணும்படி அமைத்த காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. ஆயினும், கட்டடம் எழுப்புதல் அரசாங்கத்தின் கடமை. அதனுள் அறிவை ஏற்றுதல் கற்றோர் கடமை.

கற்பனை உறவுகளாயினும் ஆர்வத்தை எழுப்புமே, அவற்றைத் தடுப்பானேன் என்று சிலர் வினவலாம். பொய்க்கதை வீழுங்கால் மெய்ச்சான்றையும் உடன் வீழ்த்தும் என்பதே எம் விடை. பெர்லினிலும் சென்னையிலும் உள்ள பொருநைப் பொருள்கள் தாமே பெருமையுடையன. அவற்றுக்குக் கொரிய அரசியின் துணை வேண்டா.

ஆதலின் நம் கலாசாலை மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். காருகுறிச்சியில் மட்பாண்டம் வனைவோர் இன்றும் உளர். அவரைத் துணைக்கொண்டு நம் இரசாயன மாணவரும் வரலாற்று மாணவரும் பொருநை மண்ணால் ஒரு முதுமக்கள் தாழி வனைந்து சுட்டுப் பார்க்கட்டும். அது வெடிப்பின், வெடித்த காரணத்தை இப்பத்திரிகையிலே தமிழில் எழுதட்டும். அடுத்த ஆண்டு மற்றொன்று சுடட்டும். கடல்கடந்து சென்றோர் அங்குக் கற்ற பொறுமையை இப்பணிக்கு ஈதல் வேண்டும். ஆதிச்சநல்லூர் மேடு நம் கலாசாலைக்கு எட்டாத தொலைவன்று. செல்லும் நாளே குறைவு. அந்நாளை இவ்வாண்டே குறிப்போமாக.